கிராமத்தில பின்னேர வகுப்பு நடத்திறது எப்பிடி: வன்னியில இருந்து ஒரு முழு வழிகாட்டி

"வெளிநாட்டில இருக்கிற அண்ணா ஒருத்தர் காசு அனுப்புறாராம், ஊர்ப் பிள்ளையளுக்குப் பின்னேரத்தில ஏதாவது செய்யோணுமாம், என்னத்தைத் தொடங்கலாம்" எண்டு கொஞ்ச நாளா கனபேர் கேட்டுக்கொண்டிருக்கினம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிய வொய்ஸ் போட்டுக் களைச்சுப் போனன், அதால ஒரேயடியா எழுதிவிடுறன். நான் இலங்கையில, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க ஒரு குளத்தடி ஊரில இதைச் செய்துகொண்டு வாறன், 6 வயசில இருந்து 13 வயசு வரைக்கும் 25 பிள்ளையள் மட்டில வருவினம். ஆக்கள் முதல் கேக்கிறது புரொஜெக்டர் வாங்கவோ கொம்பியூட்டர் வாங்கவோ எண்டுதான். என்னைக் கேட்டால் முதல்ல செய்யவேண்டியது மண்டபத் திறப்புக்கு (சாவிக்கு) இன்னொண்டு வெட்டிறது.

திறப்பு

பகிடி இல்லை. நாங்கள் தொடங்கின முதல் வருசம் பொதுநோக்கு மண்டபத்தின்ர திறப்பு ஊர்ச் சங்கத்து ஆள் ஒருத்தரிட்டை மட்டும்தான் இருந்தது, அவர் ஒரு கலியாண வீட்டுக்கு எண்டு போனவர் ஒரு கிழமை வரேல்ல. முதல் நாள் 19 பிள்ளையள் வந்து விறாந்தையில குந்தியிருந்தினம், அடுத்த நாள் 11, பிறகு 4. மனுசன் வந்து திறந்தாப் பிறகு அந்த 19ஐத் திருப்பி எடுக்க எனக்கு ரெண்டு மாசம் போச்சு. நல்ல பாடம் இல்லாட்டிப் பிள்ளையள் பொறுத்துக்கொள்ளுங்கள், பூட்டின கதவைப் பொறுத்துக்கொள்ளாதுகள், அதுவும் வெயிலுக்க சைக்கிள் மிதிச்சு வந்த பிள்ளை எண்டால் கேக்கவும் வேணாம். அதால மூண்டு திறப்பு: ஒண்டு உங்களிட்டை, ஒண்டு சங்கத்திலை, ஒண்டு மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிட்டை.

இடத்துக்குப் பெரிசா அலையாதேங்கோ. முன்பள்ளிக் கட்டடம் மத்தியானத்துக்குப் பிறகு சும்மாதான் கிடக்கும், சனசமூக நிலையம், கோயில் மடம், எதெண்டாலும் சரி. பார்க்கவேண்டியது மூண்டு விசயம்தான்: கக்கூஸ் இருக்கோ (பெம்பிளைப் பிள்ளையள் 10 வயசுக்கு மேல நிக்கிறதும் நிக்காததும் இதிலதான் இருக்கு), குடிக்கத் தண்ணி இருக்கோ, கிணறு இருந்தால் அதுக்குக் கட்டு இருக்கோ. கட்டில்லாத கிணறெண்டால் வேற இடம் பாருங்கோ. கிராம அலுவலருக்கும் பள்ளிக்கூட அதிபருக்கும் ஒரு கடிதம் குடுத்துவிடுங்கோ, பிறகு ஆரும் வந்து "ஆரைக் கேட்டு நடத்திறியள்" எண்டு கேக்காமல் இருக்கும்.

நேரம்

பள்ளிக்கூடம் ஒண்டரைக்கு விடும். பிள்ளை வீட்ட போய்ச் சாப்பிட்டு, ஆட்டைக் கட்டி, தங்கச்சியைத் தூக்கி வைச்சிருந்து முடிய மூண்டு மணி ஆகும். அதால மூண்டேகாலுக்குத் தொடங்கி ஐஞ்சேகாலுக்கு முடிக்கிறது எங்களுக்குச் சரிவந்தது. முடிக்கிற நேரத்திலதான் கவனம் வேணும். ஆடி மாசம் ஆறரை மட்டும் வெளிச்சம் நிக்கும், கார்த்திகை கடைசியில 5.50க்கே பொழுது பட்டிடும், மழை முகில் எண்டால் அஞ்சரைக்கே இருட்டு, ரோட்டோரம் யானை வாற ஊரெண்டால் அந்த அரை மணித்தியாலம் சின்ன விசயம் இல்லை. ஐப்பசி தொடங்கினவுடன நாங்கள் ஐஞ்சுக்கே விட்டிடுவம்.

கிழமையில அஞ்சு நாளும் வைக்கோணும் எண்டு ஆசைப்படாதேங்கோ. மூண்டு நாள் காணும். திங்கள், புதன், வெள்ளி. ஆனால் அந்த மூண்டு நாளும் வானம் இடிஞ்சாலும் கதவு திறந்திருக்கோணும். அஞ்சு நாள் எண்டு சொல்லிப்போட்டு மூண்டு நாள் வைக்கிறதைவிட மூண்டு எண்டு சொல்லி மூண்டும் வைக்கிறது எவ்வளவோ மேல். பிறகு ஊரின்ர கலண்டரையும் ஒருக்காப் பாருங்கோ, மாசியில அருவி வெட்டு (நெல் அறுவடை) நேரம் பெரிய பிள்ளையள் வரமாட்டினம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில வகுப்பு வைச்சால் நீங்களும் கதிரையளும்தான் இருப்பியள். அதுகளை முதலே லீவு எண்டு எழுதி ஒட்டிவிடுங்கோ.

முதல் ரெண்டு கிழமை

ஒண்டும் படிப்பிக்காதேங்கோ. விளையாட விடுங்கோ, படம் கீற விடுங்கோ, கதை சொல்லுங்கோ. அந்த நேரத்தில ஒவ்வொரு பிள்ளையாத் தனிய மரத்துக்குக் கீழ கூப்பிட்டு ரெண்டாம் வகுப்புப் புத்தகத்தில ஒரு பந்தியைக் குடுத்து "இதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ அப்பன்" எண்டு கேளுங்கோ. மற்றப் பிள்ளையளுக்குக் கேக்கக் கூடாது, அது முக்கியம். கொப்பியில நாலு பிரிவு போடுங்கோ: எழுத்துத் தெரியேல்ல, எழுத்துத் தெரியும் சொல் வரேல்ல, சொல் வரும் வசனம் திக்கும், வடிவா வாசிக்குது. இது எங்கட கண்டுபிடிப்பில்லை, இந்தியாவில பிரதம் எண்ட அமைப்பு கன வருசமா இப்பிடித்தான், வகுப்பைப் பாக்காமல் வாசிக்கிற மட்டத்தைப் பாத்துப் பிள்ளையளைப் பிரிச்சுப் படிப்பிக்குது. எங்களுக்கு வந்த அதிர்ச்சி என்னெண்டால் ஏழாம் ஆண்டுப் பெடியன் ரெண்டாவது பிரிவில நிண்டான், அவன்ர கொப்பியைப் பாத்தால் முத்து முத்தான எழுத்து. போர்டில இருக்கிறதைப் படம் கீறுற மாதிரி அப்பிடியே பாத்துக் கீறிக்கொண்டு வந்திருக்கிறான், ஏழு வருசமா.

சோடா மூடியில தமிழ்

அவனோட செய்ததைச் சொல்லுறன், ஏனெண்டால் இதுதான் செலவே இல்லாமல் கூடப் பலன் தந்தது. கடையில சொல்லி வைச்சுப் பிளாஸ்ரிக் சோடா மூடி ஒரு 200 சேருங்கோ. பெர்மனன்ட் மார்க்கரால ஒரு மூடிக்கு ஒரு குறி. எழுத்தைக் குத்தில்லாமல் க, ச, ட, த எண்டும், குத்தோட க், ச், ட், த் எண்டும் எழுதுங்கோ. அரவுக்கு (ா) தனி மூடி, ஒற்றைக்கொம்புக்கு (ெ) தனி, இரட்டைக்கொம்புக்கு (ே) தனி. உகர ஊகாரம் எழுத்தோட ஒட்டிக்கொண்டு வாறதால அதுகளை முழு எழுத்தாவே எழுதிவிடுங்கோ, கு, கூ, சு, சூ எண்டு, அதைப் பிரிக்கப் போனால் குழம்பும்.

இப்ப "கொக்கு" எண்டு வைக்கச் சொல்லுங்கோ. பிள்ளை "க"வை எடுத்து வைக்கும், பிறகு முழிக்கும். "கொ" எண்டு வாய் சொல்லுற நேரம் முதல்ல வாறது க, ஆனால் எழுத்தில முதல்ல நிக்கிறது கொம்பு, பிறகு க, பிறகு அரவு. வாசிக்கத் திக்கிற பிள்ளையள் கனபேருக்கு உடைக்கிற இடம் இதுதான், கண் கொம்பைக் கண்டவுடன வாய்க்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாது. மூடியைக் கையால நகர்த்தி, அரவை எடுத்தால் கெ, திருப்பி வைச்சால் கொ, ஒற்றைக்கொம்பை எடுத்துப்போட்டு இரட்டைக்கொம்பை வைச்சால் கோ எண்டு பத்துத் தரம் செய்தால் அது கைக்குள்ள போயிடும். அந்தப் பெடியன் ஒரு நாள் "இரட்டைக்கொம்பில்லாட்டி கோயில் கொயிலாப் போயிடும் என்ன ரீச்சர்" எண்டு தானாச் சிரிச்சான். ல ள ழ, ர ற, ந ன ண பிரச்சினைக்கு இந்த மூடி உதவாது, அது வாசிச்சு வாசிச்சுத்தான் வரும்.

வடிவா வாசிக்கிற பிள்ளையளைச் சும்மா விடாதேங்கோ, ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னப் பிள்ளையைக் குடுத்து 15 நிமிசம் சோடியா வாசிக்க விடுங்கோ. ஐப்பசியில (ஒக்டோபர்) வாசிப்பு மாதம் எண்டு பள்ளிக்கூடங்களிலயும் ஏதாவது நடக்கும், அந்த நேரம் பிரதேச சபை நூலகத்தில கேட்டால் புத்தகம் வாங்கிக்கொண்டு வரலாம்.

சாப்பாடு

பசியோட வாசிக்க ஏலாது. ஒரு பிள்ளைக்குக் காஞ்ச பயறு 40 கிராம் கணக்கு, 25 பிள்ளையளுக்கு ஒரு கிலோ, அவிச்சுத் தேங்காய்ப்பூ போட்டால் முடிஞ்சுது. மற்ற நாள் கடலை, மரவள்ளி, கச்சான். அம்மாமார் முறை வைச்சு அவிப்பினம். பக்கெட் பிஸ்கட் வேணாம், ஒருக்காக் குடுத்தால் பிறகு பயறைத் திரும்பியும் பாக்குதுகள் இல்லை.

மழை அளக்கிற போத்தல்

எங்கட வகுப்பில ஆரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். ஒண்டரை லீற்றர்ச் சோடாப் போத்தல், இடுப்பு ஒடுங்காமல் நேராப் போறதாப் பாத்து எடுங்கோ. மேல் மூண்டில ஒரு பங்கை வெட்டித் தலைகீழாப் புனல் மாதிரி உள்ளுக்க செருகுங்கோ. அடி மேடுபள்ளமா இருக்கும், அதால கூழாங்கல்லுப் போட்டு, நேரான பகுதி தொடங்கிற மட்டும் தண்ணி விட்டு, அந்தத் தண்ணி மட்டத்தில கோடு கீறுங்கோ, அதுதான் பூச்சியம். அதில இருந்து மேல அடிமட்டத்தை (ஸ்கேலை) ரேப் போட்டு ஒட்டுங்கோ. புனல் வாயும் போத்தலும் ஒரே அகலம் எண்டபடியா அடிமட்டத்தில வாற மில்லிமீற்றர்தான் மழையின்ர மில்லிமீற்றர், வேற கணக்கு வேண்டாம். வெய்யில் நாளில பூச்சியத் தண்ணி வத்தும், அதைப் பாத்து நிரப்போணும்.

மரத்துக்குக் கீழயும் கூரை ஓரத்திலயும் வைக்காதேங்கோ, வெட்டையில, ஆடு தட்டி விழுத்தாமல் சுத்திவர நாலு தடி நட்டு வையுங்கோ. வானிலை நிலையங்களில காலமை 8.30க்கு அளக்கிறவை, அந்த நேரம் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில, அதால மண்டபத்துக்குக் கிட்ட வீடு இருக்கிற பிள்ளை காலமை ஆறேமுக்காலுக்குப் பாத்து எழுதிப்போட்டுப் போகும். எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு நாளும் அதே நேரமா இருக்கோணும். எழுதிப்போட்டுத் தண்ணியைக் கோட்டு மட்டத்துக்கு ஊத்திவிடோணும், இல்லாட்டி நேத்தையான் மழையும் இண்டையான் மழையும் சேர்ந்திடும்.

ஒரு நாள் பதிவில 112 எண்டு கிடந்தது. முதல் நாள் இரவு தூறல்கூட இல்லை. விசாரிச்சால், கடும் மழை எண்டால் பள்ளிக்கூடம் லீவு விடுவினம் எண்டு நினைச்ச ஒருத்தர் கிணத்துத் தண்ணியை ஊத்திப்போட்டார். நான் பேசேல்ல. பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒண்டுக்கும் ஒரு போத்தல் செய்து குடுத்தம், இனி ரெண்டு கணக்கும் ஒத்துப் பாக்கலாம், ஒண்டில 112 மற்றதில 0 எண்டால் ஆரோ விளையாடியிருக்கினம் எண்டு தெரியும். கள்ளக் கணக்கைப் பிடிக்கிறதெப்பிடி எண்டு அண்டைக்குப் படிச்சது நாங்கள் எல்லாரும்தான். 2025 கார்த்திகையில டித்வா புயல் வரேக்க போத்தல் தடியோட அள்ளுப்பட்டுப் போச்சு, பதிவுக் கொப்பியில அந்த நாளுக்கு "போத்தல் இல்லை" எண்டு எழுதியிருக்கு, அதுவும் ஒரு பதிவுதான்.

இனி இந்த இலக்கத்தை வைச்சுக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணி. மண்டபக் கூரை 20 அடிக்கு 30 அடி, 600 சதுர அடி, கிட்டத்தட்ட 56 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் பெய்தால் 1400 லீற்றர், 1000 லீற்றர்த் தாங்கி நிரம்பி வழியும். பெருக்கல் வராத பிள்ளையும் தன்ர வீட்டுக் கூரைக்கு எவ்வளவு வரும் எண்டு பாக்கத் தானாப் பெருக்கத் தொடங்குது. பெரிய பிள்ளையளோட குளத்துக்குப் போய்த் துருசடியில (மதகடியில) நிக்கிற அளவுகோலில எத்தினை அடி எண்டு பாத்து மழைக்குப் பக்கத்தில எழுதுங்கோ. இரணைமடுக் குளம் 36 அடி, முத்தையன்கட்டுக் குளம் எத்தினை அடியில வான் பாயும் (நிரம்பி வழியும்) எண்டு வீட்டில அப்பாமார் கதைக்கிற கதைக்குள்ள பிள்ளையும் போகும், தோட்டம் செய்யிற தகப்பன் மகளிட்டை "நேத்து எவ்வளவு பெய்தது" எண்டு கேக்கிறதைக் கண்ணால பாத்தனான்.

நிழல் இல்லாத மத்தியானம்

இது வருசத்தில ரெண்டு தரம்தான். எங்கட பக்கத்தில சூரியன் நேர உச்சிக்கு வாறது சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலயும் ஆவணி (ஓகஸ்ட்) 29 மட்டிலயும், மத்தியானம் 12.10 மட்டில. சித்திரை எண்டால் வருசப்பிறப்போட வரும், பெரும்பாலும் பள்ளிக்கூட லீவு. ஒரு பிவிசி பைப் துண்டை நிலத்தில நேர நிமித்தி வையுங்கோ, நிமிர்வு பாக்க நூலில கல்லுக் கட்டித் தூக்குங்கோ. 11.30 தொடங்கி 10 நிமிசத்துக்கு ஒருக்கா நிழல் நுனியில ஆணி குத்தச் சொல்லுங்கோ. நிழல் ஒடுங்கி ஒடுங்கிப் பைப்புக்குள்ளயே போய், பைப்பின்ர ஓட்டைக்குள்ளால நிலத்தில வெளிச்ச வட்டம் விழும். கிணத்தின்ர அடியிலயும் வெய்யில் விழும், ஆனால் அதை எட்டிப் பாக்க விடாதேங்கோ. சூரியனையும் நேர பாக்க வேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ.

கிளித்தட்டு

கிரிக்கெற் வைச்சால் நாலு பெடியள் அடிப்பினம், மிச்சம் 20 பேர் பந்து பொறுக்குவினம். கிளித்தட்டில எல்லாரும் ஓடோணும். சுண்ணாம்பு இல்லாட்டிச் சாம்பலால கோடு போடுங்கோ: நீளப்பாட்டுக்கு நடுவால ஒண்டு, குறுக்க ஆக்களுக்குத் தக்கதா நாலோ அஞ்சோ. குறுக்குக் கோட்டுக்கு ஒருத்தர் காவல், கிளி மட்டும் நடுக்கோட்டில எங்கயும் ஓடலாம். மற்றப் பக்கம் தட்டு வாங்காமல் கடைசிப் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வரோணும், போறவை காய், திரும்பி வாறவை பழம். கிளியாப் பெரிய பெடியனை விடாதேங்கோ, கெட்டிக்கார மூண்டாம் வகுப்புப் பெட்டையை விட்டுப் பாருங்கோ, ஆட்டமே மாறிடும். மழை நாளில உள்ளுக்க கொக்கான், தாயம். தாயத்தில கூட்டல் கழித்தல் தானா வரும், அதைப் போய் "இப்ப கணக்குப் படிப்பம்" எண்டு கெடுக்காதேங்கோ.

பாட்டி சொல்லுற கதை, கீறக் கூடாத படம்

"எங்கள் குடும்பம்" எண்டு படம் கீறச் சொல்லுறது எல்லா வழிகாட்டியிலயும் இருக்கு. நானும் ஒருக்காக் குடுத்தன். தாய் வெளிநாட்டில வேலைக்குப் போன ஒரு பிள்ளை போனைக் கீறி அதுக்குள்ள முகத்தைக் கீறினது, தகப்பன் விட்டிட்டுப் போன இன்னொரு பிள்ளை கலர்ப் பெட்டியைத் திறக்கவே இல்லை, மற்றப் பிள்ளையள் எட்டிப் பாத்து "உன்ர அப்பா எங்க" எண்டு கேட்டுட்டுதுகள். அதோட விட்டாச்சு. இப்ப ஊர்ப்படம்தான். நிலத்தில தடியால பெரிசாக் கீறி, குளம், துருசு, அலைகரை, கோயில், பாலைமரம், கடை எல்லாம் கல்லும் இலையுமா வைச்சு, பிறகு பிறிஸ்ரல் போர்ட்டுக்கு மாத்துவம். "நீ நெடுகப் போற வழி எது, போகப் பயமான இடம் எது" எண்டு கேட்டுச் சிவப்பால புள்ளி வைக்கச் சொல்லுங்கோ, அந்தச் சிவப்புப் புள்ளியைப் பெரிய ஆக்கள் கட்டாயம் பாக்கோணும். எங்களுக்கு மூண்டு பிள்ளையள் ஒரே வளைவில புள்ளி வைச்சினம், போய்ப் பாத்தால் அங்க விசர்நாய் மாதிரி ஒரு நாய்.

வயசான ஆக்களிட்டைக் கதை கேக்கப் போறது அருமையான விசயம், ஆனால் கேள்வியை முதலே சேர்ந்து எழுதுங்கோ. சின்னனில என்ன விளையாட்டு, அருவி வெட்டேக்க என்ன பாட்டு, பஞ்ச காலத்தில காட்டில என்ன பறிச்சுச் சாப்பிட்டவை, முல்லை மோடியில (முல்லைத்தீவுப் பாணியில) கோவலன் கூத்து ஆடினது ஆர் எண்டு கேக்கலாம். சண்டை நேரத்துக் கதையைப் பிள்ளையள் தோண்டக் கூடாது. அவை தாங்களாச் சொன்னால் இருந்து கேக்கோணும், எழுதவோ ரெக்கோட் பண்ணவோ அவையிட்டைக் கேட்டிட்டுத்தான். வந்த கதையளைச் சுவர்ப்பத்திரிகையா எழுதி ஒட்டுங்கோ, சொன்ன பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து பிள்ளையையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ.

வெளியில போகேக்க

பறவை பாக்க, பாலைப்பழம் பொறுக்கக் கூட்டிக்கொண்டு போகாத வகுப்பு என்ன வகுப்பு. ஆனால் 8 பிள்ளையளுக்கு ஒரு பெரிய ஆள் வேணும், ஆக்கள் நடந்து தேய்ஞ்ச பாதையால மட்டும் போங்கோ. மிதிவெடிப் பலகை நிக்கிற பக்கம் போகவே வேண்டாம், துப்பரவாக்கின இடமெண்டாலும் ஊரில கேட்டிட்டுப் போங்கோ. துருப்பிடிச்ச சாமான் ஏதும் கண்டால் தொடாதே, கல்லால எறியாதே, வந்த வழியாலயே திரும்பி வந்து பெரிய ஆக்களிட்டைச் சொல்லு எண்டதைப் பாட்டு மாதிரிப் பாடமாக்க விடுங்கோ, பிறகு பொலிசுக்கு 119. குளத்துக்க இறங்கிறது இல்லவே இல்லை, முதலையும் இருக்கு, தாமரைக் கொடியும் இருக்கு. பாம்பு கடிச்சால் கட்டவும் வெட்டவும் வேணாம், காலை அசைய விடாமல் அம்புலன்ஸுக்கு 1990 அடிச்சு நேர ஆஸ்பத்திரி.

இன்னொண்டு. எந்தப் பெரிய ஆளும், நானும் உட்பட, ஒரு பிள்ளையோட பூட்டின அறைக்குள்ள தனிய நிக்கிறதில்லை. சிறுவர் உதவி இலக்கம் 1929ஐச் சுவரில பிள்ளையளின்ர கண் மட்டத்தில எழுதி வையுங்கோ. காசு தந்தவைக்கு அனுப்பப் பிள்ளையளைச் சாப்பாட்டுத் தட்டோட நிறுத்திப் படம் எடுக்கிற வேலையும் வேணாம். எங்களுக்கு ஒருத்தர் அதைத்தான் கேட்டவர், மழைக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினம், பிறகு அவர் காசு அனுப்பேல்ல. பயறு வாங்கப் பிறகு ஊருக்குள்ளயே சேர்த்தம்.

அம்மாமாரும் புலமைப்பரிசிலும்

"மூடி அடுக்கிக்கொண்டு இருந்தால் ஸ்கொலசி (அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை) பாஸ் பண்ணுமோ" எண்டு கட்டாயம் ஒருத்தர் கேப்பார். சண்டை பிடிக்காதேங்கோ, அவையின்ர பயம் நியாயம்தான். அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையளுக்குக் கிழமையில ஒரு நாள் அரை மணித்தியாலம் பழைய பேப்பர் செய்ய விடுங்கோ, ஆனால் முழு வகுப்பையும் ரியூசனா மாத்த விடாதேங்கோ, மாத்தினால் அந்த ஏழாம் ஆண்டுப் பெடியன் மாதிரிப் பிள்ளையள்தான் முதல்ல நிப்பாட்டுவினம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அம்மாமாரைக் கூப்பிட்டு, சொற்பொழிவு இல்லாமல், பிள்ளையையே வாசிச்சுக் காட்ட விடுங்கோ, அதுக்குப் பிறகு கேள்வி குறையும்.

13 வயசு தாண்டினவை தானாக் கழண்டு போவினம். போக விடாமல் வேலை குடுங்கோ: ஒருத்தருக்கு வரவுப் பதிவு, ஒருத்தருக்குக் கிளித்தட்டுக் கோடு, ஒருத்தருக்குப் புத்தக அலுமாரி. எங்கட மூண்டாவது திறப்பு இப்ப பக்கத்து வீட்டு அம்மாவிட்டை இல்லை, மழை எழுதிக்கொண்டு திரிஞ்ச பிள்ளையிட்டை இருக்கு, அவ இப்ப பத்தாம் ஆண்டு. நேத்து வந்து, போத்தல் வெய்யிலுக்கு வெடிச்சுப் போச்சு, ஐப்பசிக்கு முதல் புதுசு வெட்டோணும், இந்த முறை பச்சைப் போத்தல் வேணாம் கோடு தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. வெள்ளைப் போத்தல் தேடிக்கொண்டு இருக்கிறன்.